குவாரித் தண்ணியும் நிலக்கரிச் சட்டமும்: போத்தல் யார் கையில்?

கேள்வி: 2024 நவம்பர் 9, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை விவசாயி ஒருவர்

நம்மட வட்டைக்கு, அதான் வயல்வெளிக்கு, மேல ஒரு கல்குவாரி இருக்கு. கல்லுக் கழுவுற தண்ணி வாய்க்காலுக்குள்ள இறங்கி, வாய்க்கால் முழுக்கச் சாம்பல் நிறம். விதைச்ச வயலில சீமெந்து பூசின மாதிரி ஒரு படை. யாரிட்டச் சொன்னாலும் "அவங்களுக்கு லைசன்ஸ் இருக்கு" எண்ட பதில்தான். அமெரிக்காவில ஆத்துத் தண்ணியக் கெடுத்த நிலக்கரிக் கம்பனிக்கு 27 மில்லியன் டொலருக்கு மேல தண்டம் அடிச்சாங்க எண்டு வாசிச்சன். நம்ம நாட்டில அப்படிச் சட்டம் இல்லாததுதான் காரணம் எண்டு நான் சொல்றன். சரியா?

பதில்: நவம்பர் 9, இரவு

சட்டம் இல்லையென்று மட்டும் நினைக்காதீங்க, தம்பி. 1980இலேயே வந்துட்டு: 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். 1988இல் 56ஆம் இலக்கத் திருத்தம் வந்த பிறகு, குறித்த தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் கழிவை வெளியில் விட ஏலாது. எவ்வளவு அழுக்கு வரைக்கும் விடலாம் என்பதை 2008ஆம் ஆண்டு வர்த்தமானி அட்டவணை போட்டே சொன்னது. ஆறு, குளம், வாய்க்காலுக்குள் விடுகிற தண்ணியில் கரையாமல் நிற்கிற துகள் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தண்ணிக்கு ஒரு நாளைய உச்சம் 70, மாதச் சராசரி 35. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நம்மட வரம்பு ஒன்றும் இளகினதில்லை.

50 மில்லிகிராம் என்றால் கண்ணாடிக் கிளாசில் இலேசான மங்கல்தான் தெரியும். வாய்க்கால் முழுக்கச் சாம்பலாகத் தெரிகிற தண்ணி அந்த வரம்புக்குப் பக்கத்திலும் நிற்காது.

"லைசன்ஸ் இருக்கு" என்று யாரும் சொன்னால், "நிபந்தனைத் தாளைக் காட்டுங்க" என்று கேளுங்க. உரிமத்தோடு அதுவும் சேர்ந்துதான் வரும்.

நவம்பர் 10, காலை

அந்த 27 மில்லியன் கதையைச் சரியாக எழுதி வைக்கிறேன். ஆல்பா நச்சுரல் ரிசோர்சஸ் என்ற கம்பனி. 2014இல் 27.5 மில்லியன் டொலர் தண்டம், அதோடு தண்ணியைச் சுத்திகரிக்க ஏறத்தாழ 200 மில்லியன் டொலர் செலவழிக்க ஒப்புக்கொண்டது. கென்டக்கி, மேற்கு வேர்ஜினியா உட்பட ஐந்து மாநிலங்களில், 2006 முதல் 2013 வரைக்கும், குறைந்தது 6,289 வரம்பு மீறல். இரும்பு, அலுமினியம், மங்கனீசு, செலினியம், உப்புத்தன்மை, துகள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இப்படி ஆயிரக் கணக்கில் மீறலை ஒரு அரசாங்கம் எப்படி எண்ணுது? ஆறாயிரம் தரம் அதிகாரி போய்ப் போத்தலில் தண்ணி எடுத்திருக்க ஏலாது. 1972இல் வந்த தூய நீர்ச் சட்டப்படி ஒவ்வொரு குழாய் வாயிலும் கம்பனியே தண்ணியைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுக்க வேணும். பொய் எண் எழுதினால் அது குற்றம், சிறைக்கும் போகலாம். அந்த அறிக்கையை வியாபார இரகசியம் என்று மூடி வைக்க ஏலாது. ஊரில் யாரும் எடுத்து வாசிக்கலாம். மீறலைக் கண்டு அரசாங்கம் சும்மா இருந்தால், 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு ஆற்றங்கரை ஆக்களே வழக்குப் போடலாம்.

எனக்கு இதில் கடைசி இரண்டும்தான் பெரிசு. வாசிக்கிற உரிமை, வழக்குப் போடுகிற உரிமை. வரம்பு எண் நம்மிடமும் இருக்கு. அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அறிக்கை வட்டைக்குள் இருக்கிறவன் கண்ணில் படுறதில்லை.

நவம்பர் 10, பின்னேரம்

"அங்க எல்லாம் ஒழுங்கு, இங்கதான் ஊழல்" என்று களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கார். இதை நான் ஏற்க மாட்டேன்.

மேற்கு வேர்ஜினியாவில் பஃபலோ கிரீக் என்ற ஓடைக்கு மேல், நிலக்கரி கழுவிய சேற்றைத் தேக்கிய அணை 1972 பெப்ரவரி 26 அன்று உடைந்து 125 பேர் செத்தாங்க. 1977இல்தான் நிலக்கரிச் சுரங்கம் நிலத்துக்கும் தண்ணிக்கும் செய்கிற கேட்டைத் தடுக்கவென்று தனியான மத்திய சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2000 ஒக்டோபரில் கென்டக்கியில் மார்ட்டின் கவுண்டியில் சேற்றுக் குளத்தின் அடி பிய்ந்து, 300 மில்லியன் கலனுக்கு மேல் கறுப்புச் சேறு ஆற்றுக்குள் போனது. மாசி எனர்ஜி என்ற கம்பனி 4,500 தரத்துக்கு மேல் வரம்பு மீறியதற்கு 2008இல் 20 மில்லியன் டொலர் கட்டியது. 2011இல் அந்தக் கம்பனியை வாங்கினது யார் தெரியுமா? காலையில் சொன்ன அதே ஆல்பா.

இன்னொன்று, இதைக் கட்டாயம் வாசியுங்க. 2010இல் கென்டக்கியில் ஆற்றைப் பார்க்கிற பொது அமைப்புகள் இரண்டு பெரிய கம்பனிகளின் அறிக்கைகளை மாதம் மாதமாக அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்தன. ஒரு மாதத்து எண்களே அடுத்த மாதத் தாளிலும் அப்படியே. திகதி மட்டும் வேற. மழை பெய்த மாதமும் வெயில் மாதமும் ஒரே தண்ணியாம். மாநில அலுவலகத்துக்கு அந்தத் தாள்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தன, அங்கே யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கயில்ல. அதே இரண்டில் ஒரு கம்பனி 2014இல் மறுபடியும் அதே வேலையைச் செய்து பிடிபட்டது. இரண்டு தரமும் கண்டுபிடித்தது வெளி ஆக்கள்.

நவம்பர் 12

"அக்கா, இவ்வளவு எழுதுறீங்களே, நீங்க குவாரிப் பக்கம் போயிருக்கீங்களா?" என்று கேட்ட தங்கச்சிக்கு.

போயிருக்கேன். தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் மாதிரி எடுக்கிற வேலை பார்த்தவள் நான். ஒரு குவாரிக்கு உரிமம் புதுப்பிக்கத் தண்ணி அறிக்கை தேவைப்பட்டது. ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டுறது குவாரிக்காரர், என்றைக்கு வரவேணும் என்று சொல்றதும் அவர்தான். நாங்க போய் இறங்கயில் கல்லுடைக்கிற கிரஷர் ஓடாமல் நிற்குது. முகாமையாளர் மரியாதையான மனுசன், தேத்தண்ணி தந்து, கழுவின தண்ணியைத் தேக்கித் துகளைப் படிய விடுகிற படிவுக் குளத்தின் வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணி தெளிவு. போத்தலை அந்தத் தண்ணியாலேயே அலசி, வாயை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து நிரப்பி, மூடி இறுக்கி, நேரம் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

நிமிர்ந்தால் கரையில் நின்ற பன்புல் கண்ணில் பட்டது. அன்றைய தண்ணி மட்டத்துக்கு மேல் ஒரு முழம் வரைக்கும் ஒவ்வொரு தாளிலும் கல்மாவு காய்ந்து ஒட்டிக்கிடக்கு. நகத்தால் சுரண்டினேன், பட்டையாகக் கழன்று விரலில் பவுடராக உதிர்ந்தது. கீழே தண்ணி பட்ட இடம் பச்சை, மேலே வெள்ளை. முந்தின நாட்களில் அந்த உயரத்துக்கு, அந்த நிறத்தில் தண்ணி ஓடியிருக்கு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேணுமா?

களத்தாளில் "குறிப்பு" என்ற கட்டத்தில் எழுதினேன்: கிரஷர் ஓடவில்லை, பன் தாளில் ஒரு முழத்துக்குக் கல்மாவு. களத்தாள் ஆய்வுகூடக் கோப்புக்குப் போனது. அச்சடித்து வெளியே போன அறிக்கையில் அப்படியொரு கட்டமே இல்லை. எண் மட்டும். எண் வரம்புக்குள்.

அந்த எண்ணில் பொய்யே இல்லை. அன்றைக்கு, அந்த மணிக்கு, அந்த இடத்தில் தண்ணி அப்படித்தான் இருந்தது. நாளையும் மணியையும் இடத்தையும் சோதிக்கப்படுறவனே தெரிவு செய்தால் எந்தத் தண்ணியும் தேறிவிடும்.

நவம்பர் 13

நேற்று எழுதினதற்கு ஒரு தொடர்ச்சி. 1977ஆம் ஆண்டு அமெரிக்கச் சுரங்கச் சட்டத்தை உண்டாக்கினவங்களுக்கு இந்தப் பன்புல் கதை தெரிந்திருக்க வேணும். சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்காங்க: மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பகுதிப் பரிசோதனை, காலாண்டுக்கு ஒரு முழுப் பரிசோதனை, ஒழுங்கான நாள் வைக்கக் கூடாது, முன்கூட்டிச் சொல்லவும் கூடாது.

அதோடு இன்னொரு ஏற்பாடும் இருக்கு. ஊர் ஆள் ஒருவர் முறைப்பாடு கொடுத்து அதனால் பரிசோதனை நடந்தால், அந்த ஆளும் அதிகாரியோடு சுரங்கத்துக்குள் போகலாம். அதிகாரி தண்ணி எடுக்கையில் பக்கத்தில் நிற்கலாம். ஆற்றின் போக்கும் நிறமும் கரையில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். எந்தக் குழாய் இரவில் திறக்குது, எந்த மதகு மழைக்கு உடையுது என்று வட்டைத் தண்ணியைப் பார்க்கிற வட்டவிதானைக்குத் தெரிந்த அளவுக்குக் கொழும்பிலிருந்து வாற அதிகாரிக்குத் தெரியுமா?

தம்பி, உங்கட வட்டைக்கு நான் கேட்கிறதும் இதுதான். அதிகாரி தண்ணி எடுக்கிற நேரம் உங்கட விவசாய அமைப்பில் ஒருவர் அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்க வேணும்.

நவம்பர் 15

"அமிலம் இருக்கா என்று பாருங்க, நிலக்கரிச் சுரங்கத்தில் அதுதான் பிரச்சினை" என்று வாழைச்சேனையிலிருந்து ஒருவர். அங்கே சரி, இங்கே அப்படியில்லை.

நிலக்கரிப் படைகளோடு பைரைட்டு என்ற இரும்புக் கந்தகக் கல் சேர்ந்து கிடக்கும். கிண்டி வெளியே போட்டதும் காற்றும் தண்ணியும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் கல்லுக்குள் இருக்கிற இரும்பு, மங்கனீசு, அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும். தோடம்பழ நிறத்தில் ஆற்றின் அடி முழுக்கப் படியிறது அந்த இரும்புதான். சுரங்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும் பல பத்தாண்டுக்கு இது ஓயாது. அதனால்தான் கிண்ட முன்னமே பிணைப்பணம் கட்ட வேணும் என்று 1977 சட்டம் வைத்தது. அதிலும் ஓட்டை: சில மாநிலங்கள் பெரிய கம்பனிகளை அவங்கட சொந்த வாக்குறுதியையே பிணையாக வைக்க விட்டன. 2015இல் ஆல்பா வங்குரோத்துக்குப் போனபோது அந்த வாக்குறுதிக்கு என்ன பெறுமதி என்று எல்லாருக்கும் விளங்கினது.

நம்மட பக்கத்துக் கருங்கல்லில் அந்த அளவுக்கு அமிலம் வராது. இங்கே முதல் எதிரி கல்மாவு. அது மிகச் சன்னம், அடியில் படிய நேரமெடுக்கும். படிவுக் குளம் சின்னதாக இருந்தால் படிய முன்னமே வழிந்து போயிடும். வயலில் படிந்து காய்ந்தால் முளை மேலே வர ஏலாமல் திணறும். வாய்க்கால் மீனின் பூவுக்குள், அதான் செவுளுக்குள், அடைக்கும். இரண்டாவது, வெடி மருந்து. அமோனியம் நைத்திரேற்று மிச்சம் தண்ணியில் கரைந்து நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போகலாம். ஆகவே அமிலத்தன்மையைக் காட்டுகிற பீ.எச். மட்டும் பார்த்துவிட்டு "தண்ணி நல்லம்" என்று யாரும் சொன்னால் ஏற்காதீங்க. துகளும் நைத்திரேற்றும் பார்க்கச் சொல்லுங்க.

நவம்பர் 16

மின்கடத்துதிறன் மீற்றர் வாங்கலாமா என்ற கேள்விக்கு: அமெரிக்காவில் நிலக்கரி எடுக்கிற அப்பலாச்சிய மலைப் பக்கம் ஊர் ஆக்கள் அதைத்தான் கையில் கொண்டு திரியிறாங்க. சுரங்கத்துக்குக் கீழே உப்புத்தன்மை ஏறினால் உடனே காட்டும். 2011இல் அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் அந்த மலை ஓடைகளுக்கு சென்ரிமீற்றருக்கு 300 மைக்ரோசீமனை ஒரு அளவுகோலாகச் சொன்னது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வராதீங்க. வாவித் தண்ணியும் வாவிக்கரைக் கிணறும் இயல்பாகவே உப்பு. படுவான்கரையில், வாவியிலிருந்து தள்ளி, குவாரிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் அளந்து வித்தியாசம் பார்க்கலாம். அதுவும் கல்மாவைக் காட்டாது.

காசில்லாமல் ஒரு வேலை சொல்லட்டா? ஒரு லீற்றர் தெளிவான போத்தலில் வாய்க்கால் தண்ணியை நிரப்பி ஒரு மணித்தியாலம் அசைக்காமல் வைத்து, அடியில் எவ்வளவு படியுது என்று படம் எடுங்க. போத்தலில் இடமும் நேரமும் எழுதின துண்டு ஒட்டியிருக்க வேணும். குவாரிக்கு மேலேயும் எடுக்க வேணும், கீழே மட்டும் எடுத்தால் "ஆறே அப்படித்தான்" என்பாங்க. நீதிமன்றத்துக்கு இந்தப் போத்தல் போதாது. ஆனால் அதிகாரியை வர வைக்கப் போதும்.

நவம்பர் 18

டிப்பர் ஓட்டுகிற தம்பி ஒருவர் கோபமாக எழுதியிருக்கார். "குவாரிய மூடினா எங்கட அடுப்பு எரியுமா?" இதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. குவாரியில் கல் உடைக்கிறவனும் வட்டையில் விதைக்கிறவனும் ஒரே ஊர், சில வீட்டில் ஒரே குடும்பம்.

குவாரியை மூடச் சொல்லி இங்கே யாரும் கேட்கயில்ல. கழுவுற தண்ணியைத் தடுக்கத்தான் கேட்கிறம். அமெரிக்கச் சட்டத்திலும் உடனடி ஆபத்து என்று கண்டால் அதிகாரி அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தலாம், ஆனால் எந்தப் பகுதியால் கேடு வருதோ அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தவும் வழி வைத்திருக்கு. இரண்டு படிவுக் குளத்தை அடுத்தடுத்து வெட்டி, ஒன்றை வாரும்போது மற்றதை ஓட விட்டு, தெளிந்த தண்ணியைத் திருப்பிக் கழுவப் பாவித்தால் வாய்க்காலுக்கு விட வேண்டிய தேவையே குறையும். மண் வெட்டுகிற இயந்திரம் குவாரிக்குள்ளேயே நிற்குது. அங்கே வேலை செய்கிற தம்பிமார் இதை முதலாளியிடம் சொன்னால் நாங்க நூறு மனு எழுதுறதை விட அது பெரிசு.

டிசம்பர் 2

வெள்ளத்தால் இந்தப் பக்கம் வர முடியாமல் போனது. காரைதீவு - சம்மாந்துறை வீதியில் உழவு இயந்திரத்தோடு அள்ளுப்பட்ட மதரசாப் பிள்ளைகளின் செய்தி வந்த நாளிலிருந்து எழுத மனம் வரயில்ல. அந்தத் தாய்மாருக்கு என்ன சொல்றது.

வட்டைக்காரத் தம்பி போட்டிருக்கிற படங்களைப் பார்த்தேன். படிவுக் குளம் வரம்பு உடைந்து முழுச் சேறும் வாய்க்காலில். குவாரிக்காரர் "இது கடவுள் செயல், வெள்ளம்" என்றாராம்.

மழையைச் சட்டம் எப்படிப் பார்க்குது என்பதையும் நிலக்கரிக்காரரிடம் படிக்கலாம். பத்து வருசத்துக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணித்தியால மழை என்று ஒரு கோடு போட்டிருக்காங்க. அந்த அளவுக்குள் மழை பெய்து குளம் வழிந்தால் வழமையான துகள் வரம்புக்குப் பதிலாக, ஒரு மணித்தியாலத்தில் அடியில் படிகிற சேறு லீற்றருக்கு அரை மில்லிலீற்றருக்கு மேல் போகக் கூடாது என்ற இளகின வரம்பு வரும். கோட்டுக்கு மேலே பெய்தால் பீ.எச். மட்டும். சலுகைதான். ஆனால் மழையால்தான் வழிந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு சுரங்கக்காரனுடையது. மழைமானிக் கணக்கு அவன் கொண்டு வர வேணும்.

நவம்பர் கடைசியில் பெய்த மழைக்கு எந்தக் குளமும் வழிந்திருக்கும், அதை நான் மறுக்கயில்ல. தம்பி முதல் கேள்வியைப் போட்டது நவம்பர் 9. அப்ப வெள்ளம் எங்கே? அந்தத் திகதி இந்தப் பக்கத்திலேயே நிற்குது, படம் பிடித்து வையுங்க. நம்மட பக்கத்தில் வடகீழ்ப் பருவ மழை ஒவ்வொரு வருசமும் வரும். அதைத் தாங்காத குளத்தை வெட்டிவிட்டு மாரி வந்ததும் கடவுளைச் சாட்டுகிறது நியாயமில்லை.

டிசம்பர் 5

சம்மாந்துறையிலிருந்து அரிசி மில்லுத் தண்ணியைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. நெல் ஊறப்போட்டு அவிக்கிற தண்ணியில் துகளைவிட உயிரியல் ஒட்சிசன் தேவைதான் பார்க்க வேணும், அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணியிலிருந்து எடுக்கிற ஒட்சிசன். 2008 அட்டவணையில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராம். இந்த மாதிரி உடனே ஐஸில் வைத்து ஆய்வுகூடத்துக்கு ஓட வேணும், பின்னேரம் வரைக்கும் வெயிலில் வைத்தால் எண் மாறிவிடும். சிறிய தொழில்கள் சிலவற்றின் உரிமம் உள்ளூராட்சி மன்றத்தின் கையில் இருக்கு. முதலில் உரிமம் கொடுத்தது யார் என்று பாருங்க, பிறகு மனுவை எழுதுங்க.

டிசம்பர் 8

"இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே இல்லையே, ஏன் இவ்வளவு பேச்சு?" சுரங்கம் இல்லைதான். நுரைச்சோலையில் எரிக்கிறது கப்பலில் வாற நிலக்கரி. நம்மட கிழக்கில் சம்பூரில் வர இருந்த அனல் மின் நிலையமும் 2016இல் கைவிடப்பட்டது. ஆனாலும் தண்ணியைக் கெடுக்கிற தொழில்களில் நிலக்கரிக்குத்தான் இவ்வளவு நீண்ட வழக்குக் கணக்கு இருக்கு. எந்த விதி வேலை செய்தது, எந்த விதி கோப்புக்குள் தூங்கினது என்று ஐம்பது வருசத்துக்குப் பார்க்கலாம்.

அமெரிக்கா தூரம் என்றால் இந்தியாவின் மேகாலயாவைப் பாருங்க. ஜெயின்டியா மலையில் எலிவளை மாதிரி குடைந்து நிலக்கரி எடுத்தாங்க. அமிலத் தண்ணி கோப்பிலி ஆற்றில் இறங்கி, அசாம் பக்கத்து நீர் மின் நிலையத்தின் இரும்பையே அரித்தது. 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த முறையையே தடை செய்தது. வழக்கைக் கொண்டு போனது கீழே, ஆற்றோரம், வேறு மாநிலத்தில் இருந்த டிமாசா இனத்து மாணவர் சங்கம். மலைக்கு மேலே லாபம், கீழே அமிலம், முறைப்பாடு கீழிருந்துதான் வந்தது. தடை வந்த பிறகும் களவாகக் கிண்டினாங்க. 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் தண்ணி பாய்ந்து 15 பேர் அகப்பட்டாங்க. அடுத்த மாதம் தீர்ப்பாயம் மேகாலயா அரசுக்கே 100 கோடி இந்திய ரூபா தண்டம் போட்டது. தடையை நடைமுறைப்படுத்தாத அரசையும் தண்டிக்கலாம் என்பது எனக்குப் பெரிய விசயமாகப் படுது.

டிசம்பர் 9

சரி, நம்மட கையில் என்ன இருக்கு? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கு. காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. இப்படிக் கேளுங்க:

குறித்த குவாரியின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதி, நிபந்தனைகளோடு. கடைசி மூன்று வருசத் தண்ணி அறிக்கைகள், மாதிரி எடுத்த இடம், நாள், மணி, எடுத்தவர் எந்த நிறுவனம் என்பதோடு. அதிகாரிகள் போய்ப் பார்த்த குறிப்புகள். வந்த முறைப்பாடுகளும் எடுத்த நடவடிக்கையும்.

"தண்ணி பற்றிய தகவல் தாருங்க" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. வியாபார இரகசியம் என்று சொன்னாலும் பொதுநலன் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கத்தான் வேணும் என்று அதே சட்டம் சொல்லுது. குடிக்கிற, பாய்ச்சுகிற தண்ணியைவிடப் பொதுநலன் என்ன?

இதே மாதிரி இன்னொரு மனு புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்கும் போடுங்க. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அகழ்வு உரிமம் அங்கே. கிண்டின இடத்தைத் திருத்தக் கட்டின வைப்புப் பணம் எவ்வளவு என்று கேளுங்க.

2025 ஜனவரி 17

தம்பிக்குப் பதில் வந்துட்டு! தாள்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கார். தகவல் அலுவலர் கேட்டதைக் கேட்டபடி தந்திருக்கார், அதற்கு நன்றி சொல்ல வேணும்.

இரவிரவாக வாசித்தேன். எண்கள் எல்லாம் வரம்புக்குள். நிபந்தனைத் தாளில் "படிவுக் குளத்திலிருந்து வெளியேறும் வாயில்" மாதிரி எடுக்க வேணும் என்று இருக்கு. அறிக்கையில் இடம்: "குளத்தின் நடு". நடுக்குளத்துத் தண்ணி தெளிவாக இருக்கலாம், வாய்க்காலுக்குப் போற தண்ணியும் அப்படித்தான் என்று சொல்ல ஏலாது. இன்னொன்று, எல்லா அறிக்கையும் ஜூலை, ஆகஸ்ட். மாரிக் காலத்தில் ஒன்றும் இல்லை. கிரஷர் ஓடினதா இல்லையா என்று எந்தத் தாளிலும் இல்லை.

இதைப் பிழையான அறிக்கை என்று யாரும் குதிக்க வேண்டாம். நிபந்தனையில் சொன்ன இடத்தில் எடுக்கயில்ல என்று மட்டும் எழுதுங்க. அது தாளிலேயே இருக்கு, யாரும் மறுக்க ஏலாது. குரல் உயர்த்தினால் பேச்சு உங்கட குணத்தைப் பற்றிப் போயிடும், தண்ணியைப் பற்றி நிற்காது.

ஜனவரி 19

"நேரே உயர் நீதிமன்றம் போகலாமே, சுன்னாகத்துக்குக் கிடைச்சதே" என்று கேட்டவருக்கு. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கெடுத்தவனே கட்ட வேணும் என்ற கொள்கைக்கு நம்ம நாட்டில் அது பெரிய தீர்ப்பு. ஆனால் அடிப்படை உரிமை வழக்கை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேணும், கொழும்பில் நடக்கும், செலவும் காலமும் கூட. மனு கொடுத்தவர் 2015இல் போட்டது, தீர்ப்பு 2019இல்.

பக்கத்தில் நீதவான் நீதிமன்றம் இருக்கு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லை. தகவலும் சாட்சியும் வைத்தால் தொல்லையை நீக்கச் சொல்லி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். பொலிஸ் மூலமோ நேரடியாகவோ போகலாம். ஊரிலுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் இந்தத் தாள்களையும் நவம்பர் படங்களையும் கொண்டு போங்க. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்கிறது இதுக்கும் பொருந்தும்: மாரி முடிய வாய்க்கால் தெளிந்துவிடும், பிறகு எதைக் காட்டுறது?

ஜனவரி 28

இரண்டாவது யோசனை. வழக்குக்கு முதல், பிரதேச செயலகத்தில் விவசாயக் குழுக் கூட்டம் வருதாம். அங்கே எழுத்தில் கேளுங்க, கூட்டக் குறிப்பில் ஏறட்டும். வழக்குப் போகிற நாளில் "ஊர் ஆக்கள் முதலே கேட்டிருக்காங்க" என்பதற்கு அது சாட்சி.

நம்மட சட்டத்தில் முறைப்பாட்டுக்காரர் கூடப் போகலாம் என்று அமெரிக்கச் சட்டம் மாதிரி உரிமை எழுதியில்லை. ஆனாலும் அதிகாரி விரும்பினால் கூட்டிக்கொண்டு போவதைத் தடுக்கிற விதியும் நான் கண்டதில்லை. ஆகவே உரிமை என்று சண்டை பிடிக்காமல், "வாய்க்கால் எங்கே தொடங்குது என்று காட்ட ஒருவர் வரட்டா?" என்று கேளுங்க. கள அலுவலர்களில் நல்ல ஆக்கள் நிறைய இருக்காங்க. அவங்களுக்கு வாகனமும் எரிபொருளும் ஆளும் போதாது. இடத்தைக் காட்ட ஊர் ஆள் வந்தால் அவங்களுக்கும் அரை நாள் மிச்சம்.

பெப்ரவரி 6

தம்பி எழுதியிருக்கார்: அலுவலர் வாறாராம், திகதி குவாரிக்குச் சொல்லயில்லையாம், விவசாய அமைப்புச் செயலாளரை வாய்க்கால் கட்டில் நிற்கச் சொல்லியிருக்காராம். நல்ல மனுசன்.

போகிற ஆள் செய்ய வேண்டியது. கிரஷர் சத்தம் கேட்குதா என்று முதலில் நின்று கேளுங்க, மணியை எழுதுங்க. நடுக்குளத்துக்கு யாரும் கூட்டிக்கொண்டு போனால், "வெளிவாயிலும் ஒன்று எடுங்க சேர்" என்று கேளுங்க, நிபந்தனைத் தாளின் பிரதியைக் கையில் வைத்திருங்க. வாய்க்காலோடு குழாய் சேருகிற இடத்தில் ஒன்று, குவாரிக்கு மேலே ஒன்று. போத்தலைத் தொடாதீங்க, மூடியைத் திறக்காதீங்க, அது அலுவலர் கையில் மட்டும் இருக்கட்டும். நீங்க பார்த்தால் போதும். முத்திரை ஒட்டினதும் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்க. கரையில் பன்புல் நின்றால் அதன் தாளை ஒருதரம் பாருங்க, வெள்ளை தெரிந்தால் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்க, அலுவலரையும் பார்க்கச் சொல்லுங்க, அவர் குறிப்பில் எழுதட்டும்.

அறிக்கை வந்ததும் எண்ணை மட்டும் இங்கே போடாதீங்க தம்பி. எந்த இடம், எத்தனை மணி, கிரஷர் ஓடினதா என்று மூன்றையும் சேர்த்துப் போடுங்க. சம்மாந்துறை மில்லுக்காரரும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கார், அவர் மனுவை இதே மாதிரி எழுதப் போறாராம்.